ஷெர்காட்டிக் கல்லின் கண்ணாடி

1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரின் ஷெர்காட்டி என்னும் ஊரில் ஏறத்தாழ ஐந்து கிலோகிராம் எடையுள்ள விண்கல் ஒன்று விழுந்தது. அதன் துண்டொன்றை வியன்னாவில் ஆராய்ந்தவர் கனிமவியலாளர் குஸ்டாவ் செர்மாக். கல்லினுள் நிறமற்ற மெல்லிய தகடுகள் இருந்தன. உருவத்தால் அவை ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தின் படிகங்களே. ஆனால், நுண்ணோக்கியின் குறுக்கிட்ட முனைவாக்கிகளுக்கு இடையே ஃபெல்ட்ஸ்பார் ஒளிரும். இவையோ கண்ணாடியைப்போல் இருண்டே கிடந்தன. 1872இல் செர்மாக் இப்பொருளுக்கு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கனிமக் காப்பாளர் மாஸ்கெலின் பெயரால் ‘மாஸ்கெலினைட்’ எனப் பெயரிட்டார்.

பெயர் கிடைத்துவிட்டது, தக்க விளக்கம் கிடைக்கத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. வெப்பத்தால் உருகிற்று எனின், உருகிய பொருள் வழிந்தோடியிருக்க வேண்டுமே. தகட்டின் வடிவம் குலையாமல் நிற்பது எங்ஙனம்? 1963இல் மில்டன், டி கார்லி ஆகிய இருவர் பாறைத்துண்டை வெடிமருந்தின் அதிர்ச்சிக்கு உட்படுத்தினர். வளிமண்டல அழுத்தத்தினும் சில இலட்சம் மடங்கு மிகுந்த அழுத்தம், கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவாகவே நீடித்தது. அணுக்களின் ஒழுங்கு சிதைந்தது. அவை இடம்பெயர்ந்து ஓட அவகாசம் இல்லை. ஃபெல்ட்ஸ்பார் தன் புறவடிவம் மாறாமலே கண்ணாடியாயிற்று.

மொழியியல் பயின்றோர்க்கு இந்நிலை அயலானதன்று. பலருடைய பேச்சில் றகரம் ரகரத்தோடு ஒன்றிவிட்டது. எழுத்தின் வடிவமோ அப்படியே நிற்கிறது.

வெப்பம் செய்யும் வேலை வேறு. அது மெல்ல இயங்குவது. சிதைந்த ஒழுங்கை மீட்பது. மாஸ்கெலினைட்டை நெடுநேரம் சூடாக்கினால் அது மீண்டும் படிகமாகும். அதிர்ச்சி விட்டுச்சென்ற தடமும் மறையும். ஷெர்காட்டிக் கல் செவ்வாயிலிருந்து வந்தது என்பதே இன்றைய அறிஞர் முடிபு. அதில் இக்கண்ணாடி எஞ்சியிருப்பதால், மோதலுக்குப் பின் அக்கல் நெடுங்காலம் கடுஞ்சூட்டில் கிடக்கவில்லை என அறிகிறோம். ஓர் இழப்பே இங்கு ஆவணமாகிறது என்பது நம்மை மிகவும் ஈர்த்த செய்தி.

வழக்கு இன்னும் தீரவில்லை. 2000இல் சென், எல் கோரெசி ஆகியோர், இது உயரழுத்தத்தில் உருகி, அவ்வழுத்தம் தணியுமுன்னரே உறைந்த கண்ணாடி என வாதிட்டனர். உருகாமலே உருவானது என்போரும் உளர். கண்ணாடியாதலின் கனிமம் என்னும் வரையறைக்குள் அடங்காத அப்பொருளை, இரு சாராரும் இன்றும் மாஸ்கெலினைட் என்றே வழங்குகின்றனர்.