வேதாளரும் வேதாளையும்

சித்திரக்கதை மாந்தரைச் சிலையாக வார்த்து விற்பது இன்று உலகளாவிய வாணிகமாகிவிட்டது. வாங்குவோர் சிறுவர் அல்லர். சிறுவயதில் அக்கதைகளைப் படித்து, இன்று கைநிறையப் பொருளீட்டுவோர். கனடாவிலிருந்து வல்வெட்டித்துறைக்கு வந்த அன்பரொருவர் கொணர்ந்த அத்தகைய சிலையொன்றை ஆற அமர நோக்கும் வாய்ப்பு அண்மையிற் கிட்டியது. தமிழ் வாசகர் 'வேதாளர்' என்றும் 'முகமூடி வீரர் மாயாவி' என்றும் அறிந்தவரே அச்சிலைக்குரியவர்.

ஓரடிக்குச் சற்று மேற்பட்ட பிசின் வார்ப்பு. மண்டையோட்டு அரியணையில் வீரர் அமர்ந்திருக்கிறார், காலடியில் ஓநாய். தோளின் திரட்சியும், உறையை நோக்கித் தாழ்ந்த கையின் விறைப்பும் தேர்ந்த கைவேலை என்பதில் ஐயமில்லை. முகமூடிக்குட் கண்மணிகள் காட்டப்படவில்லை. கிரேக்கச் சிலைகளைக் கண்டு கதாசிரியர் லீ ஃபால்க் மேற்கொண்ட உத்தி அது. சித்திரத்தினும் சிலையில் அது நன்கு பொருந்துகிறது. அரியணைதான் மிகை: மண்டையோடுகளின் பற்களை எண்ணிவிடலாம்! பீடத்தின் அடியில் தொடரெண் உண்டு. உரிமை நிறுவனத்தின் பெயரும் உண்டு. வண்ணந்தீட்டிய தொழிலாளியின் பெயர் இல்லை. இத்தகைய சிலைகளிற் பெரும்பாலானவை சீனத் தொழிற்சாலைகளிற் கையாலேயே வண்ணந் தீட்டப்படுகின்றன.

கலைத்திறன் பற்றி இவ்வளவு போதும். இவ்வீரர் யாருடைய பகைவர் என்பதே நாம் ஆராயவேண்டியது.

1936 பெப்ரவரி 17இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் இக்கதை தொடங்கிற்று. கதையின்படி 1536இல் ஐரோப்பியக் கப்பலொன்றைக் கீழைக்கடலிற் கொள்ளையர் தாக்குகின்றனர். கப்பற்றலைவன் ஒருகாலத்திற் கொலம்பசின் கப்பலிற் பணிபுரிந்தவன்; அவன் கொல்லப்படுகிறான். கரையொதுங்கிய மகன், கொலைஞனின் மண்டையோட்டின்மீது ஆணையிட்டுக் கொள்ளையரை ஒழிக்கப் புறப்படுகிறான். தலைமுறை தலைமுறையாக வெள்ளையர் ஒருவர் முகமூடியணிய, காட்டுமக்கள் அவரைச் சாவற்றவர் என்று வணங்குகின்றனர். கொள்ளையர் கூட்டத்தின் பெயரோ 'சிங்' சகோதரர். இந்தியப் பெயர் தற்செயலாக வாய்த்ததா?

அவ்வாண்டுகளில் இக்கடலில் உண்மையாக நிகழ்ந்தது யாது? 1502இல் மக்கா யாத்திரிகரை ஏற்றிவந்த கப்பலை வாஸ்கோ ட காமா மக்களோடு எரித்தான். அதன் பின், போர்த்துக்கேயரின் அனுமதிச்சீட்டுப் பெறாத கப்பல் எதுவும் கொள்ளைக்குரியது எனலாயிற்று. தலைமுறை தலைமுறையாகத் தம் கடலில் ஓடியவர் சீட்டில்லாமையால் 'கடற்கொள்ளையர்' ஆயினர். சீட்டு விற்றவன் சட்டத்தின் காவலன் ஆனான். கதையின் கற்பனை ஆண்டுக்கு இரண்டாண்டு கழித்து, 1538இல், சீதாவாக்கை அரசன் மாயாதுன்னைக்குத் துணைசெல்லவிருந்த கள்ளிக்கோட்டை மரைக்காயர் கப்பற்படையை மார்த்திம் அபொன்சோ த சூசா முறியடித்தான். இடம், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எதிர்க்கரையில், இராமேசுவரத்துக்கு அண்மையிலுள்ள வேதாளை! (பெயரொற்றுமை வெறும் தற்செயல், ஆயினும் சுவையானது.) அவனே 1543இல் யாழ்ப்பாணத்து மன்னனிடமும் திறை கேட்டு வந்தான். அம்மரபின் இறுதிக் குஞ்ஞாலி மரைக்காயரைப் போர்த்துக்கேயர் 1600இல் கோவாவிற் கொன்றனர். அவர்தம் ஏடுகளில் அவரும் கொள்ளையரே.

நடுநிலை தவறலாகாது. ஃபால்க் இனவெறியர் அல்லர். பிற்காலத்தில் தம் கற்பனை நாட்டுக்குக் கறுப்பினத்துக் குடியரசுத் தலைவர் ஒருவரைப் படைத்தார். பப்புவா நியூகினியின் வாகி பள்ளத்தாக்கு மக்கள் இதே வீரரைத் தம் போர்க்கேடயங்களில் தீட்டித் தமதாக்கிக்கொண்டனர். அக்கேடயங்கள் இன்று நூதனசாலைகளில் உள்ளன. மக்கள் தமக்குத் தரப்பட்டதை அப்படியே விழுங்குவதில்லை. ஆயினும் அரியணையில் அமர்பவர் எவர், அடியிற் கிடக்கும் மண்டையோடு எவருடையது என்ற ஏற்பாட்டைக் கேடயமோ குடியரசுத் தலைவரோ மாற்றிவிடவில்லை.

வல்வெட்டித்துறையில் இச்சிலையைக் காண்பதற்குத் தனிப்பொருள் உண்டு. இவ்வூர்த் தண்டையல்மார் தம் ஊரிற் கட்டிய பாய்க்கப்பல்களிற் பர்மாவரை சென்று அரிசி கொணர்ந்தவர்கள். 1948இன் பின் இரு நாட்டுச் சுங்க, குடிவரவுச் சட்டங்கள் இறுகியபோது, அதே கடலில் அதே மக்கள் 'கள்ளக்கடத்தற்காரர்' எனப்பட்டனர். சிலர் சட்டத்தை மீறியது மெய்யே. ஆனால் பழைய வாணிகத்தின் நினைவு முழுவதையும் அவ்வொரு சொல் மூடிவிட்டது.

இவ்வீரர் பத்திரிகையிற் பிறந்து இரண்டாண்டு கழித்து, இங்கு வேப்பமரத்தாற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், செங்கடல், சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை 1938 ஓகஸ்ட்டில் அடைந்தது. அதனை வாங்கியவர் வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர். செலுத்தியவருள் ஐவர் வல்வெட்டித்துறையார். கீழைக்கடலின் மாலுமிகளைக் கொள்ளையராக நாள்தோறும் வாசித்த நாட்டின் துறையில், இவர்கள் ஒரு பெருங்கடல் கடந்து வந்திறங்கினர். அத்துறைமுக நகரில், சுக்கானைப் பற்றி நிற்கும் மீனவனின் வெண்கலச் சிலை 1925 முதல் உண்டு. கடலில் மாண்ட தன் மக்களுக்காக அந்நகர் எடுத்தது அது. வந்துசேர்ந்த கப்பலின் முகப்பில் அன்னபூரணி என்ற பெயர் இருக்கவில்லை. வாங்கியவர் தம் மனைவியின் பெயரால் அதற்கு 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயரிட்டிருந்தார்.