நிரையும் பேரும்

ஊவா 1886ஆம் ஆண்டிலே தனி மாகாணமாயிற்று; பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924இல். அக்காலத் தோட்டங்களிலே ஒரு நாள் உழைப்பிற்குப் 'பேர்' என்றே பெயர் வழங்கிற்று. குறித்த நிறை கொழுந்து பறித்தார்க்கு முழுப்பேர், குறைந்தார்க்கு அரைப்பேர். செக்ரோலில் ஏறும் அவ்வொரு சொல்லே ஒருவர் தொழிலாளியாக நிலைப்பாரா என்பதைத் தீர்த்தது.

ஆட்டிசம் உடைய இளைஞர் தொழில் பெறுதலையும், பெற்றதை இழவாதிருத்தலையும் ஆராய்வார்க்கு இவ்வழக்கு இன்றியமையாதது. ('மதியிறுக்கம்' என்னும் தமிழ்ப் பெயர் அத்துணைப் பொருத்தமன்று, இறுகியிருப்பது மதியன்று.) லியோ கானர் என்னும் மருத்துவர் 1943இல் 11 சிறுவரைக் குறித்து எழுதிய கட்டுரை இந்நிலைக்கு விரிவான விளக்கம் தந்தது. அவருள் முதல்வர், அமெரிக்காவின் மிசிசிப்பி நாட்டு டொனால்ட் டிரிப்லெட். அவர் சில ஆண்டுகள் ஓர் உழவர் வீட்டில் வளர்ந்தார். எண்ணுதலில் அவருக்கிருந்த தீராத வேட்கையை அவ்வுழவர் தடுத்திலர். சோள நிரைகளை எண்ணும்படி விட்டனர். எண்ணிக்கொண்டே அவர் ஏரும் பிடித்தார். பின்னர் ஊர் வங்கியிலே 60 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, 2023இல் மறைந்தார். அவ்வங்கியில் அவர் குடும்பத்தார்க்கு உரிமை இருந்தது என்பதை மறைத்தலாகாது. 1971இல் கானர் அப்பதினொருவரையும் மீண்டும் தேடியபோது, தொழிலில் நன்கு நிலைத்திருந்தவர் இருவரே. இளமையிலேயே அரசினர் விடுதிகளில் விடப்பட்டோர் முன்னிருந்த திறனையும் இழந்திருந்தனர்.

தேயிலை மலையிலும் நிரை உண்டு. காலையிலே அதே பிரட்டுக்களம், அதே கங்காணி. ஏழெட்டு நாட்களுக்கொரு முறை அதே மலைக்குத் திரும்பும் சுற்று. ஈரிலையும் ஓர் அரும்பும் என்னும் மாறா விதி. 1972இல் வட கரோலினாவிலே எரிக் ஷோப்ளர் தொடங்கிய பயிற்சிமுறை, வேலையை ஒழுங்குபடுத்திப் படங்களால் முன்னரே காட்டுதல் வேண்டும் என்றது. அவ்வொழுங்கிற் பெரும்பகுதி தோட்டத்தில் இயல்பாகவே அமைந்துள்ளது. இடர் வருவது வேறிடத்தில்: கொழுந்து மடுவத்தின் கூச்சலும் நெரிசலும், முன்னறிவிப்பின்றி வேறு வேலைக்கு அனுப்புதலும், எல்லாவற்றிற்கும் மேலாக அந்நிறைக் கணக்கும். முதலிரண்டும் நல்ல கங்காணி ஒருவரால் தீரும். மூன்றாவது அவர் கையில் இல்லை.

சட்டம் என்ன செய்தது? 1988ஆம் ஆண்டின் சுற்றறிக்கை அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் 3 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிக்கு ஒதுக்கியது. அந்நாளில் தோட்டங்களும் அரசின் கையிலேயே இருந்தன. ஆயினும் 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குச் சென்றது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைக்குச் சேர்ப்பதில் வேற்றுமை காட்டுதலைத் தடுத்தது. 2016இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் இலங்கை உறுதிசெய்தது. 2021இல் நாட்கூலி 1000 ரூபாவாக உயர்ந்தபோது, பறிக்கவேண்டிய கிலோ அளவும் கூட்டப்பட்டதென்று தொழிலாளர் முறையிட்டனர். விரைந்து பறிப்பார்க்கே அது சுமையாயிற்று. ஒவ்வோர் அரும்பையும் உற்று நோக்கிப் பறிக்கும் இளைஞனுக்கோ அஃது அரைப்பேர். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அரைப்பேரைக் குறித்து ஒரு சொல்லும் இல்லை.