துருவைத் துடைப்பதா, நிறுத்துவதா?

யூடியூப்பில் ஒரு வகை வீடியோ இருக்கு. துரு கட்டிப்போன பழைய இராணுவக் கைத்துப்பாக்கி ஒண்டு வரும். அமிலத்தில் ஊறும், மணல் வீச்சில் உரியும், கடைசியில் நேற்றுச் செய்ததுபோல மினுங்கும். நாங்களும் இரவிரவாகப் பார்த்தவைதான். நாவலர் வீதியில் உள்ள யாழ்ப்பாணத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போனபோது, வாசலில் துருவேறிக் கிடந்த இரண்டு டச்சுப் பீரங்கிகளைக் கண்டதும் அந்த வீடியோக்கள்தான் ஞாபகம் வந்தன. "ஒரு கிழமை தாங்கோ, கிரைண்டரால நானே மினுக்கித் தாறன்" எண்டான் எங்களில் ஒருவன். அண்டைக்கு எல்லாரும் சிரிச்சம். பிறகுதான் யோசிச்சம்.

கொழும்புத்துறையில் இருக்கிறவைக்குத் துருவைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கடலேரிக் காற்று கேற்றையும் சைக்கிள் செயினையும் தின்னுறதை நாள்தோறும் பார்க்கிறம். உப்பில் உள்ள குளோரைட்டு இரும்புக்குள் இறங்கிவிட்டால், காற்றில் ஈரம் கூடும்போதெல்லாம் தண்ணியை இழுத்து உள்ளிருந்தே அரிக்கும். மேல்துருவை உரசி எடுத்தாலும் வருத்தம் உள்ளேயே இருக்கும். வார்ப்பிரும்பில் இது இன்னும் பொல்லாதது. இரும்பு கரைந்துபோன இடத்தில் கிராபைட்டு மட்டும் மிஞ்சி, பழைய வடிவத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும். கிரைண்டர் பட்டால் துருவோடு பீரங்கியின் தோலும் போய்விடும்.

அந்தத் தோலில்தான் எழுத்து இருக்கும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் பீரங்கிகளில் கம்பனி முத்திரையும், எடையைக் குறிக்கும் எண்களும் வெட்டப்படுவது வழமை. 1765இல் டச்சுக்காரர் கண்டியைக் கொள்ளையடித்தபோது கொண்டுபோன லெவ்கே திசாவையின் பீரங்கியைப் பாருங்கள். அதன் மேலிருந்த சிங்கள எழுத்தும், சூரிய சந்திரச் சின்னங்களும் அது யாருடையது எண்டு சொல்லின. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருந்து 2023இல் அது இலங்கைக்குத் திரும்பி வந்தது. கூடவே இரண்டு 'மகா துவக்கு'களும் வந்தன. துவக்கு! எங்கட வாயில் இண்டைக்கும் உள்ள அதே சொல்.

அப்ப துருவை அப்படியே விடுறதா? இல்லை. செம்மஞ்சளாய்ப் பொருக்குப் பொருக்காய் உதிர்வது உயிரோடிருக்கும் துரு, அதை நிறுத்தத்தான் வேணும். கருமையாய் இறுகிப் படிந்தது பெரும்பாலும் கவசம். உதிர்வதை மட்டும் கையால் நீக்கி, சோடாக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்து உப்பை இறக்கி, தனின் அமிலம் பூசி, மேலே மெழுகு தடவுவார்கள். கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்த்து எங்கட ஆக்கள் மை செய்த அதே வேதியியல்தான். நிறம் கறுக்கும், வடு அப்படியே இருக்கும்.

வடு எண்டதும் கோட்டை ஞாபகம் வரும். 1658இல் போர்த்துக்கீசரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்து, பிறகு ஐங்கோணமாய்த் திருத்திக் கட்டிய கோட்டை. 1990 முற்றுகையிலும் அதற்குப் பிந்திய சண்டைகளிலும் சிதைந்தது. போர் முடிந்தபின் நெதர்லாந்து உதவியோடு மதில்கள் திருத்தப்பட்டன. விழப்போகும் மதிலை நிமிர்த்துவதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் புது மதிலை மட்டும் பார்த்துவிட்டு வருகிற தம்பி தங்கைக்குப் பதினேழாம் நூற்றாண்டுதான் தெரியும். 1990ஐச் சொல்ல உள்ளே 1706ஆம் ஆண்டுத் தேவாலயத்தின் கற்குவியல் கிடக்கிறது. அதையும் பழையபடி கட்டி எழுப்பினால்?

1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் எழுதப்பட்டபோது, 1815 மார்ச் 2க்கு முந்தியவைதான் தொல்பொருள், ஆயுதங்களும் அதில் அடங்கும் எண்டு கோடு போட்டது. அது கண்டி வீழ்ந்த நாள். நல்லூர் வீழ்ந்தது 1619இல். அந்தக் கணக்கில் பீரங்கி தொல்பொருள், அதன் மேல் 1990இல் ஒரு சன்னம் பட்ட வடு இருந்தால் அது வெறும் சேதம். எங்களுக்கு இரண்டும் ஒரே பொருளின் வயசு.

ஒண்டு மட்டும்: எங்கட மண்ணில் கிண்டும்போது துவக்கோ வேறெதுவோ தென்பட்டால் கை வைக்காதேங்கோ. பழைய கைத்துப்பாக்கிக்குள்ளும் மருந்து இறுகிக் கிடக்கலாம். அறிவித்துவிட்டுத் தள்ளி நில்லுங்கோ.

அருங்காட்சியக வாசல் பீரங்கிகளுக்கு நாங்கள் கேட்பது பெரிசா ஒண்டும் இல்லை. மண்ணில் படாமல் இரண்டு தாங்குகட்டை, மழைத்தண்ணி வடிய வாயைச் சற்றே கீழ்நோக்கிய சாய்வு, மேலே ஒரு கூரை. கிரைண்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாறம்.