அம்மைப்பாலும் வேப்பிலையும்

சொற்கள் ஒரு சமுதாயத்தின் நோய் வரலாற்றையும் காத்து வைப்பன. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில், பாண்டி நாட்டைப் பற்றிய துன்பங்களுள் வெப்பு நோயோடு 'குரு'வும் எண்ணப்படுகிறது. கொப்புள நோயைக் குறித்த இச்சொல் பின்னர் வழக்கு வீழ, 'அம்மை' என்னும் தாய்ப்பெயர் அவ்விடத்தைப் பெற்றது. கொப்புளம் 'முத்து' ஆயிற்று. நோய் நீங்கியபின் நீராட்டுதல் 'தலைக்குத் தண்ணீர் விடுதல்' ஆயிற்று. வாயிலிற் செருகிய வேப்பிலை, வழிபாட்டுக் குறியாக மட்டுமன்றி, அயலார் உட்புகாமைக்குரிய அறிவிப்பாகவும் அமைந்தது.

இவ்வழக்கினிடையே புகுந்ததே அம்மைப்பால் குத்தும் முறை. 1802-இல் இந்தியாவை அடைந்த இம்முறை, முதலில் ஒரு குழந்தையின் கையிலிருந்து மற்றொரு குழந்தையின் கைக்கு மாற்றப்பட்டு வந்தது. பிற குலத்துக் குழந்தையின் கைநீரைத் தம் குழந்தைக்கு ஏற்றப் பெற்றோர் தயங்கினர். கன்றுகளிலிருந்து எடுத்த பாலோ நம் வெப்பத்தில் ஆற்றல் இழந்தது. சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக விளங்கிய டபிள்யூ. ஜி. கிங், அதனை லானோலின் என்னும் கம்பளிக் கொழுப்புடன் குழைத்துக் கெடாமற் காக்கும் வழியை வகுத்தார். 1899-இல் கிண்டியில் தோன்றி அவர் பெயரையே தாங்கிய கிங் நிலையம், மாகாணம் முழுமைக்கும் அம்மைப்பால் வழங்கிற்று.

பால் கிடைத்தது; எந்தக் குழந்தைக்குக் குத்தவில்லை என்று அறிவது எங்ஙனம்? இதற்குப் பிறப்புப் பதிவேடே துணையாயிற்று. தாம்பரம் போன்ற அக்காலச் சிற்றூர்களில் கிராம முன்சீபு அதனை எழுதினார். பதிவேட்டில் ஏறாத குழந்தை, அம்மை குத்துவோர் பார்வைக்கும் எளிதில் தப்பியது. வேலை நாடி ஊர்விட்டு ஊர் பெயர்ந்தோர் மக்கட்கே இவ்விடர் மிகுதி என்பது தெளிவு.

1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், அறிவிக்கத்தக்க தொற்றுநோயைத் தெரிவிக்கும் கடமையை மருத்துவர்க்கு மட்டுமன்றிக் குடும்பத் தலைவர்க்கும் விதித்தது. வேப்பிலை அயலார்க்கு உணர்த்தியதையே சட்டம் அலுவலகத்திற்கு உணர்த்தக் கேட்டது எனலாம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. முன்னது நோயாளியை வீட்டினுள் காப்பது. பின்னது அவரை வீட்டினின்று பிரித்துவிடுமோ என்னும் அச்சத்தை விளைத்தது. அஞ்சிய இல்லம் மறைத்தது; மறைத்த இடத்தில் நோய் பரவியது.

ஏ. ஆர். ராவ் முதலியோர் சென்னையில் 254 குடும்பங்களை ஆராய்ந்து 1968-இல் வெளியிட்ட முடிவு ஈண்டுக் கருதத்தக்கது. ஒரே இல்லத்தில் வாழ்வோருள்ளும், அம்மை குத்தப்பெறாதவரையே நோய் பன்மடங்கு மிகுதியாகப் பற்றியது என அது காட்டிற்று. வேப்பிலை அயலாரைக் காத்திருக்கலாம். உள்ளிருந்த உடன்பிறந்தாரைக் காத்தது அம்மைப்பாலே. நோயுற்ற இல்லத்தைக் கண்டறிந்து, அதனைச் சூழ்ந்தோர்க்கு விரைந்து அம்மை குத்தும் முறையே பின்னர் நாடெங்கும் மேற்கொள்ளப்பட்டது. 1975-இல் இந்தியாவிலும், 1980-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி உலகெங்கிலும் பெரியம்மை ஒழிந்தது.

தாம்பரத்தில் 1928-இல் சௌரி முத்து நிறுவிய காசநோய் மருத்துவமனையும், கிண்டியில் 1948-இல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வுக்கூடமும் இத்தென்புறப் பகுதியின் நோய்த்தடுப்பு மரபைத் தொடர்ந்தன. மருந்தும் பதிவேடும் இன்றியமையாதன. அவற்றினும் முற்பட வேண்டுவது, வீட்டார் அஞ்சாது வாய்திறக்கும் நிலை. இதுவே இவ்வரலாற்றால் நாம் பெறும் முடிவாகும்.