கீழ்ப்பாக்கத்திலிருந்து வீட்டுக்கு: சாரதா மேனனின் மனநல மருத்துவப் பாதை

கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவருக்குத் தீவிர மனநோய் வந்தால், 1960களில் குடும்பத்தாருக்கு இருந்த வழிகள் மிகக் குறைவு. தேனி அன்று மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. தமிழகம் முழுமைக்கும் அரசு மனநல மருத்துவமனை ஒன்றுதான். அதுவும் ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவில், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில். அங்கே சேர்க்கப்பட்டவரை அடிக்கடி போய்ப் பார்ப்பது ஒரு கூலித் தொழிலாளி குடும்பத்தால் இயலாத காரியம். பார்க்க ஆள் வராத நோயாளி நாளடைவில் மருத்துவமனைவாசியாகவே ஆகிவிடுவார்.

1794-இல் புரசைவாக்கத்தில் தொடங்கி 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய அந்த நிறுவனத்தில், 1959-இல் பணியில் சேர்ந்தார் மருத்துவர் சாரதா மேனன். 1923-இல் மங்களூரில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் நிம்ஹான்ஸ் எனப் பெயர் பெற்ற பெங்களூரு நிறுவனத்தில் மனநல மருத்துவப் பயிற்சி பெற்றவர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுகிறார். 1961 முதல் 1978 வரை அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். அக்காலம் முழுவதும் நடைமுறையில் இருந்தது 1912-ஆம் ஆண்டின் சட்டம். அதன் பெயரிலேயே 'பைத்தியம்' என்ற பொருள்படும் சொல் இருந்தது.

மருந்து அப்போது புதிது. 1952-இல் பிரான்சில் மனநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கிய குளோர்புரோமசின், மனச்சிதைவு நோயாளிக்குக் காதில் கேட்கும் மாயக் குரல்களையும் வீண் சந்தேகங்களையும் தணித்தது. ஆனால் அந்நோய்க்கு இன்னொரு முகமும் உண்டு. நோயாளி பேச்சைக் குறைத்துக்கொள்வார். குளிக்க, உண்ண, வேலைக்குப் போக ஆர்வமின்றி ஒரு மூலையில் அமர்ந்திருப்பார். வீட்டார் அதைச் சோம்பல் என்பார்கள். இதை மாத்திரை அவ்வளவாகத் தொடுவதில்லை. பயிற்சி, வேலை, பொறுமையான குடும்பம் ஆகியவையும் சேர்ந்தால்தான் அவர் மீண்டு எழ முடியும். சாரதா மேனன் வந்து சேர்ந்த இடம் இதுதான். தொழிற்பயிற்சிக்கும் வெளிநோயாளர் சிகிச்சைக்கும் அவர் இடம் கொடுத்தார். தொண்டு நிறுவனங்களை மருத்துவமனைக்குள் வரவழைத்தார். ஓய்வுக்குப் பிறகு, 1984-இல், மருத்துவர் ஆர். தாரா முதலியோருடன் சென்னையில் 'ஸ்கார்ஃப்' எனும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கினார். சிகிச்சை, மறுவாழ்வு, குடும்பத்தாருக்கான ஆலோசனை, ஆய்வு எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் வந்தன.

'முழுமையான சிகிச்சை' என்றதும் இன்று பலருக்கும் தியானமும் மூலிகை எண்ணெயும்தான் நினைவுக்கு வரும். சாரதா மேனன் காட்டிய முழுமை அதைவிட எளியது, நடத்திக்காட்டக் கடினமானது.

சென்னைக்கு வெளியே அது பரவ நாளாயிற்று. மருத்துவம் எட்டாத ஊர்களின் குடும்பங்கள் தர்காக்களையும் கோயில்களையும் நாடின. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப வழியின்றித் தீயில் சிக்கினர். 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. பிரார்த்தனையைத் தடுக்காமல் அதே ஊரில் மருத்துவத்தையும் கிடைக்கச் செய்யும் முயற்சிகள் பின்னரே வலுப்பெற்றன. சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்தது.

மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தில் 1997-இல் திருச்சியில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. 1992-இல் பத்மபூஷண் பெற்ற சாரதா மேனன், 2021 டிசம்பர் 5 அன்று தம் 98-ஆம் வயதில் காலமானார். இன்று கம்பத்திலிருந்து கிளம்பும் குடும்பம் கீழ்ப்பாக்கம் வரை போக வேண்டியதில்லை; க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிட்டு, மாலைக்குள் நோயாளியோடு வீடு திரும்பிவிடலாம்.