சக்கரம் இறுகலாமா?

பட்டர்வொர்த் துறைமுகத்தை ஒட்டினாற்போல் அமைந்துள்ள பாகான் டாலாமை நேயர்கள் பலர் அறிவர். பட்டர்வொர்த் முழுவதையுமே பாகான் என்று அழைக்கும் வழக்கம் மூத்தவர்களிடையே இன்றும் உண்டு. ஜார்ஜ்டவுனுக்குச் செல்லும் காடிகள் இங்குள்ள படகுத்துறையில் வரிசை பிடித்து நின்ற காலம் 2020-ஆம் ஆண்டோடு முடிந்தது. 1985-இலும் 2014-இலும் திறக்கப்பட்ட இரு பாலங்களே இப்போது அவற்றுக்கு வழி. மழையில் நனைந்த இரும்புத் தளத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் என்ன நேரும் என்பதை அந்த வரிசையில் நின்றவர்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

துறைமுகச் சாலையைவிட்டுக் கூலிம் பக்கம் போனால் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் வந்துவிடும். தாரில் ஓடிய காடி செம்மண்ணிலும் சரளையிலும் இறங்குகிறது. அங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. ஏ.பி.எஸ். எனப்படும் பிரேக் அமைப்பு, நல்ல சாலையில் உயிர் காப்பது. அதைக் காட்டுப் பாதையிலும் உறைபனியிலும் நிறுத்திவைக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா? இக்கேள்விக்கு விடை காண, அக்கருவி பிறந்த கதைக்குச் சற்றே போய்வருவோம்.

அது பிறந்தது காடிக்காக அன்று. வளர்ந்தது ஆகாய விமானத்தில். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் சக்கரம் இறுகாமல் காக்கும் ஒரு சாதனத்துக்கு 1936-இலேயே காப்புரிமை பெற்றிருந்தது உண்மைதான். ஆனால் நடைமுறையில் முதலில் பெயர் பெற்றது பிரிட்டனின் டன்லப் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் செய்த மாக்ஸரெட் என்னும் கருவியே. ஈரமான ஓடுபாதையில் இறங்கும் விமானத்தின் சக்கரம் இறுகி நின்றுவிட்டால் டயர் தேய்ந்து வெடிக்கும்; விமானம் பாதையைவிட்டு விலகும். மாக்ஸரெட்டுக்குள் ஒரு சிறு சுழல்சக்கரம் இருந்தது. விமானத்தின் சக்கரம் திடீரென வேகம் குறையும்போது, இச்சுழல்சக்கரம் தன் வேகத்தை விடாமல் முந்திச் சுழலும். அந்த வேறுபாடே ஒரு வால்வைத் திறந்து பிரேக்கின் அழுத்தத்தைத் தளர்த்திவிடும். மின்னணு எதுவும் இல்லாமல், வெறும் இரும்பும் இரப்பரும் எண்ணெயும் கொண்டு இதைச் சாதித்தார்கள் என்பது இன்றும் நம்மை வியக்க வைக்கிறது.

1966-இல் ஜென்சன் எஃப்.எஃப். என்ற ஆங்கிலேயக் காடியில் இதே மாக்ஸரெட் ஏறியது. விலை மிகுந்த அக்காடி மொத்தம் 320 மட்டுமே செய்யப்பட்டது. பிறகு 1978-இல் போஷ் நிறுவனத்தின் மின்னணு அமைப்பு மெர்சிடிஸ் பென்ஸின் பெரிய காடியில் வந்தது. அன்று தொட்டு அது படிப்படியாக எளிய காடிகளுக்கும் இறங்கிவந்தது.

இனி, அது செய்யும் வேலையைப் பார்ப்போம். தாரில் உருளும் டயர் சற்றே வழுக்கும்போதுதான் அதன் பிடிப்பு உச்சத்தில் இருக்கும்; ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு வழுக்கல் என்பது கணக்கு. முற்றிலும் இறுகிவிட்டால் பிடிப்புக் குறைகிறது. அதைவிடக் கேடு, ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் காடி கேட்பதில்லை. போன திசையிலேயே சறுக்கிக்கொண்டு போகிறது. ஏ.பி.எஸ். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் அளந்துகொண்டே இருந்து, இறுகும் நிலை வந்ததும் அழுத்தத்தை விட்டு, மீண்டும் பிடித்து, மீண்டும் விடுகிறது. நொடிக்குப் பல முறை நடக்கும் இவ்வேலையை எவ்வளவு தேர்ந்த ஓட்டுநரின் காலும் செய்ய இயலாது.

சரளையின் குணம் வேறு. அங்கே இறுகிய சக்கரம் வழுக்கிக்கொண்டே மண்ணுக்குள் புதைகிறது. தனக்கு முன்னால் கல்லையும் மண்ணையும் குவித்து, ஓர் அணைபோல ஆக்கிக்கொள்கிறது. அந்தக் குவியலே காடியைத் தடுத்து நிறுத்துகிறது. புதிதாய் விழுந்த ஆழமான உறைபனியிலும் இதே கதைதான். ஏ.பி.எஸ்ஸோ சக்கரத்தை உருளவிட்டு உருளவிட்டு அந்த அணையைக் கட்டவிடுவதில்லை. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1999-இல் வெளியிட்ட சோதனை முடிவுகள் இதை எண்ணிக்கையாகவே காட்டின. பிற தரைகளில் பெரும்பாலும் நிற்கும் தூரத்தைக் குறைத்த அதே கருவி, தளர்ந்த சரளையில் மட்டும் அதைச் சராசரியாக 27 விழுக்காடு கூட்டியது. 40 மீட்டரில் நின்றிருக்க வேண்டிய காடி ஏறத்தாழ 51 மீட்டரில் நிற்கிறது என்று கொள்க. வாய்க்காலுக்கும் பாதைக்கும் இடையே 11 மீட்டர் என்பது சிறிய தூரம் அன்று.

செங்குத்தான சேற்றுச் சரிவில் நிலைமை இன்னும் மோசம். எந்தச் சக்கரத்துக்கும் பிடிப்புக் கிடைக்காதபோது, எல்லாம் இறுகப் பார்க்கின்றன என்று எண்ணிக் கருவி நான்கையும் தளர்த்துகிறது. காலடியில் பெடல் துடிக்கிறது. வண்டியோ வேகம் பிடிக்கிறது.

உறைபனி நம் நாட்டில் இல்லாத பொருள். ஆயினும் டொராண்டோவில் குடியேறிய தமிழர்களுக்கு அது ஆண்டுக்கு ஐந்து மாத வாழ்க்கை. ஆழமான புதுப்பனி வேறு, சக்கரங்கள் ஓடி ஓடிக் கண்ணாடிபோல் இறுகிய பனிக்கட்டி வேறு என்பதை அவர்கள் முதல் குளிர்காலத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். பனிக்கட்டியின்மேல் குவிப்பதற்கு ஒன்றுமில்லை; அங்கு ஏ.பி.எஸ். இருப்பதே நலம், ஏனெனில் அது திருப்பும் வசதியையாவது மிச்சம் வைக்கிறது. ஆகவே ‘பனி என்றால் நிறுத்திவிடு’ என்று ஒரே வரியில் சொல்பவர் அரைகுறையாகச் சொல்கிறார் என்பதே நம் கருத்து.

இந்தச் சிக்கலைக் காடி செய்தவர்கள் தொடக்கத்திலேயே அறிந்திருந்தார்கள். 1980-இல் வெளிவந்த ஔடி குவாட்ரோ, நான்கு சக்கரமும் இழுக்கும் காடி. பனியிலும் சரளையிலும் ஓட்டப் பந்தயம் வென்றது. சில ஆண்டுகளில் அதில் ஏ.பி.எஸ். வந்தபோது, அதை நிறுத்த ஒரு விசையும் ஓட்டுநரின் எதிரிலேயே வைக்கப்பட்டது. டொயோட்டாவின் 80 வரிசை லேண்ட் குரூசரில் நடு டிஃபரென்ஷியலைப் பூட்டினாலே ஏ.பி.எஸ். தானாக ஓய்ந்துவிடும்.

இந்த விசை மனிதனுக்குத் தந்த உரிமைதான். ஆனால் மறதியும் மனிதனுடையதே. காட்டில் நிறுத்தியவர் நெடுஞ்சாலைக்கு வந்தபின் மீண்டும் போட மறந்தால்? இதை எண்ணியே ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 13-ஆம் விதி, இத்தகைய விசையைக் காட்டுவழி செல்லும் கனரக வண்டிகளுக்கு மட்டும் அனுமதித்தது. அவற்றிலும், சாவியை மறுபடி திருப்பியதும் ஏ.பி.எஸ். தானாக உயிர்பெற வேண்டும் என்றது. 2004-இல் வந்த லேண்ட் ரோவர் டிஸ்கவரி வேறு வழி கண்டது. ஒரு குமிழைத் திருப்பிப் புல், சரளை, பனி என்று தரையின் வகையைச் சொன்னால், ஏ.பி.எஸ். நிற்பதில்லை, சக்கரம் சற்றுக் கூடுதலாக இறுகுவதற்கு விட்டுக்கொடுக்கிறது. எமக்கு இதுவே அறிவுள்ள வழியாகப் படுகிறது.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு தொழிற்சாலையின் வழிவந்த ராயல் என்ஃபீல்டு, 2016-இல் ஹிமாலயன் என்ற மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. லடாக் மலைப்பாதைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட வண்டி அது. இந்திய அரசு 125 சி.சி.-க்கு மேற்பட்ட புதிய வகை மோட்டார் சைக்கிள்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரலிலும் ஏ.பி.எஸ்ஸைக் கட்டாயமாக்கியது. ஹிமாலயனுக்கும் அது வந்தது, நிறுத்த வழியில்லை. கல்லும் மணலுமான பாதையில் பின்சக்கரத்தை இறுக்கிச் சறுக்கவிட்டே வளைவு திரும்பிப் பழகியவர்களுக்கு இது பெருங்குறை. 2020 சனவரியில் வந்த புதிய வடிவத்தில் நிறுவனம் ஒரு விசையைச் சேர்த்தது. அது பின்சக்கரத்தின் ஏ.பி.எஸ்ஸை மட்டுமே நிறுத்தும். முன்சக்கரத்தில் கைவைக்க விடவில்லை. காரணம் வெளிப்படை: பின்சக்கரம் இறுகினால் வால் ஆடும், முன்சக்கரம் இறுகினால் ஆளே விழுவார்.

விசை இல்லாத காடியில் என்ன செய்வது? ஃபியூஸைப் பிடுங்கிவிடு என்று பட்டறைகளில் எளிதாகச் சொல்லிவிடுவர். பழைய காடிகளில் பின்சக்கரப் பிரேக்கின் அழுத்தத்தை மட்டுப்படுத்தத் தனி வால்வு ஒன்று இருந்தது. அண்மைக் காலக் காடிகள் பலவற்றில் அந்த வால்வு கிடையாது, ஏ.பி.எஸ்ஸின் மூளையே அந்த வேலையையும் பார்க்கிறது. ஃபியூஸை எடுத்தால் அதுவும் போகும். வழுக்கலைத் தடுத்துக் காடியை நேராக்கும் அமைப்பும் போகும். பிறகு, காட்டில் அன்று, ஈரமான நெடுஞ்சாலையில் பிரேக்கை மிதிக்கும்போது பின்சக்கரங்கள் முதலில் இறுகிக் காடியையே சுழற்றிவிடக்கூடும். தோட்டத்துச் சரிவில் லோரி ஓட்டுபவர்கள் உச்சியிலேயே நின்று, முதல் கியரைப் போட்டு, எஞ்சினின் இழுப்பிலேயே இறங்குகிறார்கள்; பிரேக்கை அதிகம் தொடுவதில்லை. வேகம் ஆள் நடக்கும் அளவுக்குக் குறைந்துவிட்டால் ஏ.பி.எஸ்ஸும் தலையிடாது, ஃபியூஸ் இருந்த இடத்திலேயே இருக்கும்.