லாஞ்சர் எங்கே போச்சு? – ஒரு பாடப்புத்தகமும் மாறிக்கொண்டே இருந்த திரைகளும்

2018-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டுப் பையன் ஒரு கையில் மடிக்கணினியும் இன்னொரு கையில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகமுமாக வந்து நின்றான்.

"அண்ணே, நீங்க போட்டுக் குடுத்த உபுண்டு தப்பா இருக்கு. புக்குல இருக்கற மாதிரி வரல."

தப்பெல்லாம் இல்லடா, புதுசுடா அது, ஏப்ரலில் வந்த 18.04 பதிப்பு என்றேன். அவன் கேட்கவில்லை. புத்தகத்தை விரித்து ஒரு படத்தைக் காட்டினான். திரையின் இடப்பக்கம் செங்குத்தாக ஒரு பட்டை. அதன் பெயர் லாஞ்சர். அதன் உச்சியில் இருக்கும் முதல் சின்னம், கணினியில் தேடுவதற்கு. "அது எங்க இருக்குன்னு கேள்வி வரும்ணே. இதுல மேல இல்லவே இல்ல."

உண்மைதான். 18.04-இல் மேலே அந்தச் சின்னம் கிடையாது. அதற்கு ஈடானது பட்டையின் அடியில், ஒன்பது புள்ளிகளாக உட்கார்ந்திருந்தது. ஒரு சின்னம் மேலிருந்து கீழே வந்ததற்குப் பின்னால் எவ்வளவு கதை இருக்கிறது என்று அன்றிரவு தேட ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்துகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நாங்கள் இருக்கும் நசரத்பேட்டை வழியாகத்தான் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போகிறது. சில நாள் பாடி கட்டாத பஸ் சேஸிஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங் மட்டும். டிரைவர் தலையில் ஹெல்மெட்டோடு வெட்டவெளியில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போவார். பாடி கட்டுவது கரூர் போன்ற ஊர்களில் வேறொருவர் வேலை. அதே சேஸிஸில் டவுன் பஸ்ஸும் கட்டலாம், ஆம்னி பஸ்ஸும் கட்டலாம்.

லினக்ஸும் அப்படித்தான். லினக்ஸ் என்பது சேஸிஸ். நம் கண்ணுக்குத் தெரியும் பட்டை, மெனு, சின்னங்கள், ஜன்னல் ஓரங்கள் எல்லாம் மேலே கட்டிய பாடி. அதற்கு டெஸ்க்டாப் சூழல் என்று பெயர். விண்டோஸில் கம்பெனி கொடுத்த பாடிதான் பாடி. லினக்ஸில் பாடியைக் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு, உள்ளே நுழையும்போது இன்றைக்கு எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவும் செய்யலாம்.

இந்தப் பிரிவினை 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் விண்டோ சிஸ்டத்திலிருந்து வருகிறது. திரையில் வரைவதற்கான கருவியை நாங்கள் தருகிறோம், தோற்றம் எப்படி இருக்கவேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்பது அதை உருவாக்கியவர்களின் கொள்கை. விளைவு, ஆளுக்கொரு பாணி. ஒரு மென்பொருளில் இருக்கும் பொத்தான் இன்னொன்றில் வேறு மாதிரி இருக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிஷ் 1996 அக்டோபர் 14 அன்று கேடிஇ திட்டத்தை அறிவித்தார்.

அங்கேயே முதல் சண்டையும் வந்தது. கேடிஇ கட்டப்பட்ட க்யூடி என்ற நிரல்தொகுப்பு அப்போது முழுச் சுதந்திர மென்பொருள் அல்ல, நார்வேயின் டிரோல்டெக் நிறுவனத்துக்குச் சொந்தமானது. சுதந்திரமான வண்டிக்கு அடுத்தவன் பூட்டுப் போட்ட பாடியா என்று கேட்டு, மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் தெ இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் 1997 ஆகஸ்டில் க்னோம் திட்டத்தைத் தொடங்கினார்கள். க்யூடி 2000 செப்டம்பரில் ஜிபிஎல் உரிமத்துக்கு வந்துவிட்டது. சண்டைக்கான காரணம் போய்விட்டது, இரண்டு பாடியும் நிலைத்துவிட்டன.

தமிழ் இதற்குள் நுழைந்தது இந்தச் சமயத்தில்தான். 2000-ஐ ஒட்டி, வெவ்வேறு நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் ராத்திரி உட்கார்ந்து கேடிஇயின் மெனுக்களைத் தமிழாக்கினார்கள். யுனிகோடு தமிழைத் திரையில் ஒழுங்காக வரையும் வசதி லினக்ஸில் அப்போது முதிரவில்லை. அதனால் திஸ்கி குறியேற்றத்தில் வேலை நடந்தது. பிறகு யுனிகோடுக்கு மாறினார்கள். திஸ்கியின் தடம் லினக்ஸின் அடிப்படை நிரல்தொகுப்பான ஜிலிப்சியில் இன்றைக்கும் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, கேடிஇக்குச் செய்த தமிழாக்கம் க்னோமுக்குத் தானாக வராது. அதற்குத் தனியாக ஒரு குழு, முதலிலிருந்து வேலை. பாடி மாறினால் போர்டையும் புதிதாகத்தான் எழுத வேண்டும்.

இனி நம் ஊர்க் கதை. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எதிர்வீட்டுப் பையன் தூக்கிக்கொண்டு வந்ததே அந்தத் திட்டத்தில் அவன் அக்காவுக்கு 2012-இல் கிடைத்த கணினிதான். அந்த வரிசைக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-இல் வந்தது.

அந்த அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். "ஆன் பண்ணா ரெண்டு பேர் வரும், நான் விண்டோஸ அழுத்திடுவேன். இன்னொண்ணு எதுக்குன்னு யாரும் சொல்லலயே" என்றாள். அந்த இன்னொன்றும் சும்மா இருக்கவில்லை. அவளுக்குக் கிடைத்த காலத்தில் பாஸின் முகம் க்னோம் 2. அடுத்து 5.0 பதிப்பில் க்னோம் 3. 2019-இல் வந்த 8.0-இல் சின்னமன். ஒரே பெயர், மூன்று முகம்.

ஏன் இவ்வளவு மாற்றம்? 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது பழைய மெனுவும் கீழ்ப்பட்டையும் காணாமல் போயின. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கடுப்பாகி எக்ஸ்எஃப்சிஇக்கு மாறினார். க்னோம் 2-ஐ விட மனசில்லாதவர்கள் அதன் மூலநிரலை எடுத்து மாட்டே என்ற பெயரில் தொடர்ந்தார்கள். லினக்ஸ் மின்ட் குழு, க்னோம் 3-இன் எலும்புக்கூட்டில் பழைய தோற்றத்தைக் கட்டிச் சின்னமனை உருவாக்கியது. உபுண்டுவோ அதே ஏப்ரலில், 11.04 பதிப்பில், யூனிட்டி என்ற சொந்த முகத்தைப் போட்டுக்கொண்டது. இடப்பக்க லாஞ்சர் யூனிட்டியின் அடையாளம்.

2017 ஏப்ரல் 5 அன்று மார்க் ஷட்டில்வொர்த், யூனிட்டியைக் கைவிட்டு க்னோமுக்குத் திரும்புகிறோம் என்று அறிவித்தார். அக்டோபரில் வந்த 17.10-இலிருந்து யூனிட்டி இயல்பிருப்பாக இல்லை. 2018-இல் தமிழ்நாட்டின் புதிய பதினொன்றாம் வகுப்புப் பாடப்புத்தகம் வெளிவந்தது. அதில் உபுண்டு பாடம் இருந்தது. படங்களில் யூனிட்டி இருந்தது.

எழுதியவர்களைக் குறை சொல்லமாட்டேன். 16.04-க்கு 2021 வரை ஆதரவு இருந்தது. அரசுப் பள்ளிப் புத்தகத்தில் உபுண்டுவைக் கொண்டுவந்ததே பெரிய காரியம். அதற்கு முந்தைய பாடத்திட்டத்தில் ஸ்டார் ஆஃபிஸ் இருந்தது. அந்த மென்பொருள் 2011-இல் நின்றுபோன பிறகும் பல வருடம் நம் பிள்ளைகள் அதன் மெனுக்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். அச்சுப் புத்தகம் எப்போதும் பின்னால்தான் வரும். என் மனத்தாங்கல் வேறு. லாஞ்சரில் என்னென்ன சின்னம், எந்த வரிசையில் என்று அந்தப் பையனுக்குத் தலைகீழாகத் தெரிந்திருந்தது. அந்த லாஞ்சரையே கழற்றி வைக்கலாம் என்பது மட்டும் தெரிந்திருக்கவில்லை. லினக்ஸில் கற்றுக்கொள்ள ஒரே ஒரு விஷயம்தான் என்று சொன்னால், நான் அதைத்தான் சொல்வேன்.

அன்றைக்கு என்ன செய்தோம்? 18.04-இன் மென்பொருள் களஞ்சியத்தில் யூனிட்டி இன்னும் இருந்தது. ஒரே கட்டளை. அதையும் அவனையே அடிக்கச் சொன்னேன். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறங்கி முடிக்க நேரமானது. வெளியேறி, நுழைவுத் திரையில் பல்சக்கரத்தை அழுத்தினால் பட்டியலில் யூனிட்டி. உள்ளே போனால் புத்தகத்தில் இருந்த அதே திரை, உச்சியில் அதே சின்னம். பையன் புத்தகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்போ என் ஃபைல்லாம்?"

"அங்கேயேதான் இருக்கு. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தான். இருந்தது. வெளியே வந்து க்னோமில் நுழைந்து பார்த்தான். அங்கேயும் இருந்தது. "ஒரே வீட்டுக்கு ரெண்டு வாசலாண்ணே?" என்றான். என் பஸ் உவமையைவிட அது நன்றாகவே இருந்தது.

2 ஜிபி நினைவகத்துக்கு இரண்டுமே கனம்தான், முக்கி முனகித்தான் ஓடின. எக்ஸ்எஃப்சிஇ என்று லேசான ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் போனபோது அவனே போட்டிருந்தான். பரீட்சைக்குப் படிக்க யூனிட்டி, மற்றதுக்கெல்லாம் எக்ஸ்எஃப்சிஇ. பட்டையைக் கீழே இறக்கி, மூலையில் அவன் அக்கா பெயரை எழுதி வைத்திருந்தான். "கம்ப்யூட்டர் அவளுதுதான" என்றான்.

யூனிட்டியின் கதை அதோடு முடியவில்லை. 2020 மே மாதம், உபுண்டு யூனிட்டி என்ற பெயரில் 20.04-ஐ அடிப்படையாக வைத்து ஒரு பதிப்பு வெளிவந்தது. கைவிடப்பட்ட அந்தப் பாடியை எடுத்துத் தட்டி நிமிர்த்தியவன் இந்தியாவைச் சேர்ந்த ஒரு பள்ளிச் சிறுவன். 2022 அக்டோபரில், 22.10-இலிருந்து, உபுண்டுவே அதை அதிகாரபூர்வ வகைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. கம்பெனி வேண்டாமென்று விட்டதை, பதினொன்றாம் வகுப்புக்கே அப்போது போயிராத ஒரு பையன் திரும்ப ஓடவைத்தான். திறந்த மூலநிரல் என்பதற்கு இதைவிட எளிமையான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. உபுண்டு பாடம் நடத்தும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: லாஞ்சர் படத்துக்குப் போவதற்கு முன்னால், நுழைவுத் திரையில் இருக்கும் அந்தப் பல்சக்கரத்தைப் பிள்ளைகளை ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள்.